"போதும்" என்றால்தான் நிற்கும் கத்தி!

பிரேசில் நாட்டில் பிறந்தநாள் விருந்து நடக்கும் விதம்

மேஜைமேல் ஒரு சின்ன வட்ட அட்டை. ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் சிவப்பு.

பச்சைப் பக்கம் மேலே இருந்தால் போச்சு! ஒரு கையில் நீளமான இரும்புக் கம்பி, அதில் கொழுப்பு சொட்டச் சொட்டச் சுட்ட கறி, இன்னொரு கையில் பளபளக்கும் கத்தி. இப்படி ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள். "வேணுமா?" இது ஒன்றுதான் கேள்வி. தலையை ஆட்டினால் தட்டில் ஒரு துண்டு விழும். ஒருவர் நகர்வதற்குள் அடுத்த கம்பி வந்துவிடும். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினால்தான் தப்பிக்கலாம்.

ரோட்டில் சிவப்பு விழுந்தால் பஸ் நிற்கும். இங்கே சிவப்பு விழுந்தால் கறி நிற்கும்.

பிரேசில் நாட்டில் இந்த மாதிரி ஓட்டலுக்கு 'ஷுராஸ்கரியா' என்று பெயர். வாயில் நுழையாதவர்கள் 'சுட்ட கறி ஓட்டல்' என்றே வைத்துக் கொள்ளலாம். கம்பிகள் மேஜை மேஜையாக முறை வைத்துச் சுற்றி வருவதற்கு 'ரொடீசியோ' என்று பெயர். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அந்த நாட்டு ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஓட்டல்தான்.

பிறந்தநாளா? அங்கே போ. மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினமா? அங்கே போ. ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு தந்தையர் தினமா? அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கேயே போ. காதலர் தினம்கூட அங்கே பிப்ரவரி 14 அல்ல, ஜூன் 12. மறுநாள் புனித அந்தோணியார் திருநாள். கல்யாணம் கூட்டி வைக்கும் புனிதர் அவர் என்பது பிரேசில்காரர்களின் நம்பிக்கை. அதனால் முந்தின நாள் ராத்திரியைக் காதலர்களுக்கு விட்டுவிட்டார்கள்!

தலைக்கு இவ்வளவு!

இந்த ஓட்டலின் ரகசியமே விலையில்தான் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் எத்தனை துண்டு சாப்பிட்டாலும் கறிக்குக் காசு ஏறாது.

சாவோ பாவ்லோ நகரில் ஒரு குமாஸ்தா என்று வைத்துக் கொள்ளுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். அந்த அம்மாளுக்கு இன்று 70 வயது நிறைகிறது. பிள்ளைகள் அவரை 'வோவோ' என்று கூப்பிடும். வோவோ என்றால் பாட்டி.

சாதாரண ஓட்டலுக்குப் போனால் அந்த மனுஷன் என்ன செய்வான்? மெனுவில் பண்டத்தின் பெயரைப் பார்க்க மாட்டான்; எதிரே இருக்கும் விலையைத்தான் பார்ப்பான். பையன் பெரிய பிளேட்டைக் காட்டினால் நெஞ்சு பக் என்கும். தாயாரோ அதைத் தெரிந்துகொண்டு, "எனக்குப் பசியே இல்லேப்பா, ஒரு சூப் போதும்" என்பார்.

ரொடீசியோவில் அந்த நாடகத்துக்கு இடமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கணக்கு முடிந்துவிட்டது. இனி யார் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே தொகைதான். பாட்டி, "வேண்டாம்" என்று சொன்னால் யாருக்கும் மிச்சமில்லை. "சாப்பிடுங்கம்மா, காசு கொடுத்தாச்சு" என்று மகன் தைரியமாகச் சொல்லலாம். சிறிய சம்பளக்காரன் மூன்று மணி நேரம் பெரிய மனுஷனாக உட்கார்ந்திருக்கும் இடம் இது.

ஆனால் அந்த ஒரே தொகை சின்னத் தொகை அல்ல. 2024-ம் ஆண்டில் பிரேசிலில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,412 ரியல். அதே ஆண்டில் பெயர் பெற்ற பெரிய கடைகளில் ஒரு தலைக்கு 150, 200 ரியல் என்று ஆனது. ஏழு பேர் உட்கார்ந்து எழுந்தால் ஒரு ஏழைத் தொழிலாளியின் மாதச் சம்பளம் போய்விடும்! பேட்டைக் கடைகளில் பாதி விலைக்கும் கிடைக்கும். கறியின் தரமும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

அதனால் சலுகை தேடுவார்கள். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு இலவசம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் பாதி விலை. "பிறந்தநாள்காரருக்கு இலவசம்" என்று பல கடைகளில் போர்டு தொங்கும். ஆனால் சும்மா இல்லை. பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கூட இத்தனை பேர் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கும். ஒருத்தருக்கு இலவசம் கொடுத்து ஒரு கூட்டத்தையே பிடிக்கிற தந்திரம்!

கேக் வெட்டும் நேரம் வந்தால் சர்வர்கள் கூடி நின்று கை தட்டிப் பாடுவார்கள். மெட்டு உலகம் முழுவதும் தெரிந்த அதே பிறந்தநாள் மெட்டுதான். வார்த்தை மட்டும் சொந்தம். 1942-ல் ரேடியோவில் ஒரு போட்டி வைத்து, ஆயிரக்கணக்கில் வந்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த வரிகள் அவை. எழுதியவர் சாவோ பாவ்லோ மாநிலத்தைச் சேர்ந்த பெர்த்தா செலஸ்தே ஓமெம் டி மெல்லோ என்ற பெண்மணி. அந்தப் பாட்டு ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரர்களும் கை தட்டுவார்கள். தெரியாதவர் வீட்டு விசேஷம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பன்னைத் தொடாதே!

இங்கே சாப்பிட வருகிறவருக்கும் கடைக்காரருக்கும் சத்தமில்லாமல் ஒரு போட்டி நடக்கும்.

உட்கார்ந்த உடனே கூடையில் சுடச் சுடச் சீஸ் பன் வரும். மரவள்ளி மாவில் சீஸ் போட்டுச் சுட்டது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. வாயில் போட்டால் நிறுத்த முடியாது. பிறகு வறுத்த வாழைப்பழம், சோறு, பீன்ஸ் பருப்பு, மரவள்ளி மாவை வெண்ணெயில் வறுத்த 'ஃபரோஃபா'. நடுவே ஒரு நீளமான மேஜையில் காய்கறி, பழம், சாலட். சில கடைகளில் ஜப்பான்காரர்களின் பச்சை மீன் வரைக்கும் வரிசை! எல்லாம் அந்தத் தொகையிலேயே அடக்கம்.

ஏன் இவ்வளவு தாராளம்? மாவும் சோறும் மலிவு, கறிதான் விலை. பன்னில் வயிறு நிரம்பியவன் கறிக்கு என்ன செய்வான்?

கம்பிகள் வரும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. முதலில் தொத்திறைச்சியும் கோழி இதயமும் வரும். (ஆமாம், கோழி இதயம்தான். கம்பியில் மணி மாதிரி கோத்துச் சுட்டது. அங்கே குழந்தைகள் அதற்குச் சண்டை போடும்.) பிறகு கோழிக்கால், பன்றிக்கறி. அனுபவஸ்தர்கள் அதுவரை அட்டையைச் சிவப்பிலேயே வைத்திருப்பார்கள். "பன்னைத் தொடாதே, சோத்தைத் தொடாதே, பிக்கான்யா வர்ற வரைக்கும் பொறு!" என்று பையன்களுக்கு அப்பாமார் கிசுகிசுப்பார்கள்.

அது என்ன பிக்கான்யா?

மாட்டின் பின்தொடைக்கு மேலே, இடுப்பை ஒட்டியிருக்கும் முக்கோண வடிவத் துண்டு அது. மேலே விரல் கனத்துக்கு ஒரு கொழுப்புப் படலம் மூடியிருக்கும். மசாலா கிடையாது, எண்ணெய் கிடையாது. கல் உப்பு மட்டும்! பட்டையாக வெட்டி, கொழுப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி அரை வட்டமாக வளைத்துக் கம்பியில் கோத்துக் கரித் தணலில் காட்டுவார்கள். கொழுப்பு உருகிக் கறியிலேயே இறங்கும். பிரேசில்காரனிடம் மாட்டுக்கறியில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வான்.

கம்பியை எடுத்து வருகிறவருக்கு 'பாசடோர்' என்று பெயர். பரிமாறுகிற சர்வர் என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. கம்பியின் நுனியை மேஜையில் ஊன்றி, மேலிருந்து கீழாகக் கத்தியை இழுப்பார். மெல்லிசாக ஒரு இதழ் பிரியும். சாப்பிடுகிறவர் சின்ன இடுக்கியால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கத்தி சறுக்கினால் விரல் போகும். அவசரப்பட்டால் கறி தரையில் விழும். வெளிப்பக்கம் சுட்டதை மட்டும் அறுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே சிவந்திருப்பதை மறுபடி தணலுக்குக் கொண்டுபோவார். "ரத்தச் சிவப்பாவா, நடுத்தரமாவா, நல்லா வெந்ததா?" என்று கேட்டு, அதற்குத் தகுந்த ஓரத்திலிருந்து அறுப்பார். பாட்டிக்குப் பல் சரியில்லை என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மெத்தென்ற துண்டாகத் தேடிக் கொடுக்கிறவர்களும் உண்டு.

பிக்கான்யா அடிக்கடி வரவில்லை என்றால் வெட்கப்படாமல் கேட்கலாம். "அமிகோ, பிக்கான்யா எங்கே?" என்றால் கொண்டு வருவார்கள். அமிகோ என்றால் சிநேகிதர். கேட்காதவர்கள்தான் கோழிக்காலோடு வீட்டுக்குப் போகிறவர்கள்.

கடைக்காரருக்கு லாபம் எங்கே? பானத்திலும் இனிப்பிலும்தான். அவை தனிக் கணக்கு. கரும்புச் சாராயத்தில் எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் போட்டுக் கலக்கிய 'கைப்பிரீன்யா' பெரியவர்களுக்கு. அமேசான் பக்கத்துப் பழத்தில் செய்த குவரனா சோடா பிள்ளைகளுக்கு. பில் எகிறுவது இங்கேதான். விவரம் தெரிந்த குடும்பத் தலைவன் இனிப்பு வாங்க மாட்டான். லவங்கப்பட்டைத் தூள் தூவிக் கம்பியில் சுட்ட அன்னாசி கறியோடு சேர்ந்து வரும். அதையே இனிப்பாக வைத்து முடித்துவிடுவான்.

மாடு மேய்த்தவர்கள் தந்தது

இந்தச் சாப்பாடு பிறந்தது பிரேசிலின் தென்கோடியில், ரியோ கிராண்ட் டோ சூல் மாநிலத்துப் புல்வெளிகளில். குதிரையில் போய் மாடு மேய்க்கும் 'கவுச்சோ'க்கள் தரையில் குழி வெட்டித் தீ மூட்டி, மரக் குச்சியில் கறியைக் குத்தி அதைச் சுற்றி நட்டு வைப்பார்கள். கையில் இருந்தது உப்பு மட்டும். அதனால்தான் இன்றைக்கும் உப்போடு நிற்கிறது.

கம்பி மேஜை தேடி வரும் பழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை சொல்வார்கள். தெற்கே போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடை. ஒரு நாள் கட்டுக்கடங்காத கூட்டம். யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் குழம்பிப் போய், ஒரு மேஜைக் கறியை இன்னொரு மேஜையில் வைத்து ஏக ரகளை. முதலாளி பார்த்தார். "எல்லாக் கறியையும் எல்லாருக்கும் காட்டு, வேணும்கறவங்க எடுத்துக்கட்டும்" என்றாராம்!

நடந்ததோ இல்லையோ, கதை நன்றாக இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. இந்தத் தொழிலுக்கு ஆட்களை அனுப்பிப் பெயர் வாங்கிய ஊர், அதே மாநிலத்தில் நோவா பிரேசியா என்ற சின்ன ஊர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் வாரிசுகள் வாழும் இடம். நாடு முழுவதும் கறிக்கடை வைத்தவர்கள் பலர் இந்த ஊர்க்காரர்கள். இதே ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. அங்கே நடக்கும் விழாவில் யார் பெரிய பொய் சொல்கிறார் என்று போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள்!

அந்த மாநிலத் தலைநகரான போர்ட்டோ அலெக்ரேயில் 1979-ல் 'ஃபோகோ டி ஷாவ்' என்று ஒரு கடை திறந்தார்கள். தரைத் தீ என்று அர்த்தம். 1997-ல் அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கே போய்விட்டது. மாட்டுக்கறிக்குப் பேர் போன டெக்சாஸ்காரனுக்கே கறி சுட்டுப் போட்டார்கள் என்றால் துணிச்சலைப் பாருங்கள்!

நெல்லூர் மாட்டின் திமில்

கம்பி வரிசையில் 'குப்பீம்' என்று ஒன்று வரும். மற்ற நாட்டுக் கறிக்கடைகளில் இதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காரணம், அது மாட்டின் திமில்! ஐரோப்பிய மாட்டுக்கு ஏது திமில்?

குப்பீம் என்றால் அங்கே கறையான். அந்த நாட்டுப் புல்வெளியில் கறையான் புற்று மேடு மேடாக நிற்கும். மாட்டின் முதுகில் இருப்பதும் அப்படித்தானே என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். கொழுப்பும் சதையும் இழை இழையாகப் பின்னியது. மணிக்கணக்கில் மெதுவாக வேக வேண்டும். வெந்துவிட்டால் பாட்டிமார்களுக்கு ஏற்ற கறி இதுதான்.

அந்தத் திமில் எங்கிருந்து போனது? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவிலிருந்து!

1868-ல் இங்கிலாந்து நோக்கிப் போன ஒரு கப்பல் பிரேசிலின் சல்வடோர் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த ஒரு ஜோடி ஓங்கோல் மாடுகள் அங்கே விற்கப்பட்டன. பிறகு மேலும் மேலும் வரவழைத்தார்கள். 1960-களின் தொடக்கம் வரைகூடக் கப்பலில் காளைகள் போயின. வெயிலைத் தாங்கும், உண்ணியைத் தாங்கும், காய்ந்த புல்லைத் தின்று வளரும் ஜாதி அல்லவா? பிரேசிலுக்கு அப்படியே ஒத்துக்கொண்டது. அங்கே அந்த ஜாதிக்கு இன்றும் பெயர் 'நெலோரி'. நெல்லூர் என்பதன் திரிபுதான்.

2022 கணக்குப்படி பிரேசிலில் ஜனத்தொகை 20 கோடி. மாடுகள் 23 கோடிக்கு மேல்! கறிக்காக வளர்ப்பவற்றில் பெரும்பான்மை இந்த நெலோரி வழி வந்தவை. 2023-ல் ஒரு நெலோரிப் பசுவின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏலம் விட்டார்கள். அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. உலகத்திலேயே விலை உயர்ந்த பசு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இவ்வளவு மாட்டுக்கும் மேய்ச்சல் வேண்டுமே? அமேசான் காடு வெட்டுப்படுவதற்கு முக்கியக் காரணம் மாட்டு மேய்ச்சல்தான் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாக இருக்கிறது. அழிந்த காட்டின் பெரும்பகுதி புல்வெளியாகத்தான் மாறியிருக்கிறது.

மாட்டைப் பிடிக்கப் போலீஸ்!

மாடு 23 கோடி இருந்தும் எல்லார் தட்டிலும் கறி விழுவதில்லை. கறி விலை ஏறினால் அந்த நாட்டில் ஆட்சியே ஆட்டம் காணும்.

1986 பிப்ரவரியில் ஜனாதிபதி சார்னி, பணவீக்கத்தை அடக்க எல்லாப் பொருளுக்கும் விலையைக் கட்டிப் போட்டார். ஜனங்கள் கொண்டாடினார்கள். இல்லத்தரசிகள் கடை கடையாகப் போய் விலை கூட்டினால் புகார் கொடுத்தார்கள். ஆனால் பண்ணைக்காரர்கள், "இந்த விலைக்கு மாடு தரமாட்டோம்" என்று மேய்ச்சலிலேயே நிறுத்திக் கொண்டார்கள். கசாப்புக் கடைகள் காலி! அக்டோபரில் மத்திய போலீஸ் பண்ணைகளுக்குள் புகுந்து மாடுகளைப் பறிமுதல் செய்தது. அப்படியும் கறி வந்து சேரவில்லை. விலைக் கட்டுப்பாடுதான் உடைந்தது.

2021-ல் வேறொரு காட்சி. நாட்டிலேயே அதிக மாடு உள்ள மாநிலம் மாட்டோ குரோசோ. அதன் தலைநகர் குயாபாவில், கசாப்புக் கடையில் இலவசமாகக் கொடுத்த எலும்பை வாங்க ஏழைகள் நீண்ட கியூவில் நின்றார்கள். கொரோனா காலம். வேலை இல்லை, கறி விலையோ உச்சி. அந்தப் படங்கள் நாட்டையே உலுக்கின.

அடுத்த ஆண்டு தேர்தல். லூலா ஊர் ஊராகப் போய் ஜனங்கள் மறுபடியும் பிக்கான்யா சாப்பிட்டு பீர் குடிக்கும் காலம் வரும் என்று பேசினார். எதிரிகள் கேலி செய்தார்கள். வாக்காளர்களுக்கு விஷயம் புரிந்தது. பிக்கான்யா என்றால் கறி மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நாலு பேர், கையில் கொஞ்சம் காசு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். 2022 அக்டோபர் 30-ல் நூலிழையில் லூலா ஜெயித்தார். 2023-ல் கறி விலை இறங்கியது. 2024-ல் சுமார் 20 சதவீதம் ஏறியது! "எங்கே அந்த பிக்கான்யா?" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

13-வது சம்பளம்

விலை என்ன ஆனாலும் டிசம்பரில் மட்டும் கடைகளில் இடம் கிடைக்காது. பிரேசிலில் மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 13 சம்பளம். 1962-ல் வந்த சட்டம். முதலாளி மனசு வைத்துக் கொடுக்கும் போனஸ் அல்ல, உரிமை. பாதியை நவம்பர் 30-க்குள்ளும் மீதியை டிசம்பர் 20-க்குள்ளும் கொடுத்துவிட வேண்டும்.

பணம் கைக்கு வந்ததும் ஆபீஸ் ஆபீஸாகக் கறிக்கடைக்குப் படையெடுப்பார்கள். நீளமாக மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு கோடியில் மேனேஜர், மறு கோடியில் பியூன். எல்லார் தட்டிலும் ஒரே கம்பியின் துண்டு. மேனேஜருக்குத் தனி மெனு கிடையாது. ரெண்டு கைப்பிரீன்யா உள்ளே போனதும் பியூன் மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். மறுநாள் இருவரும் அதை மறந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

கடைசியில் பில் வரும். அடியில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று சேர்த்திருப்பார்கள். அது கட்டாயமில்லை, "வேண்டாம், எடுத்துடுங்க" என்று சொல்ல உரிமை உண்டு. அந்தப் பணம் கடைக்காரரின் வருமானம் அல்ல, தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியது என்று 2017-ல் ஒரு சட்டம் வந்தது. கணக்குப் பார்க்கிறவர்கள் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் அன்னையர் தினத்தன்று மத்தியானம் பூராவும் தணலுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்து, "இது உங்களுக்குன்னே கொண்டு வந்தேன் பாட்டி" என்று மெத்தென்ற துண்டாக அறுத்துப் போட்டவர் எதிரிலேயே நிற்கும்போது யாருக்கு அந்த வாய் வரும்? பெரும்பாலோர் பேசாமல் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். வாசலில் ஒரு குட்டிக் கப்பில் காபி இருக்கும். பல கடைகளில் அதற்கு மட்டும் காசு இல்லை.